நாய் உணவுப் பொட்டலத்தின் வரலாறு

வளர்ப்பு நாய்களுக்கென ஆலைகளில் தயாரித்துப் பொட்டலமாகவோ டின்னிலோ விற்கப்படும் உணவுக்கு ஏறத்தாழ 160 ஆண்டு வரலாறு உண்டு. மனிதர் ஒரு வேளை உணவில் விட்டதை மறுவேளையில் ஈடுசெய்துகொள்வர். பொட்டல உணவிலேயே வளரும் நாய்க்கு அந்த வாய்ப்பில்லை. அதில் ஒரு சத்து குறைந்தால் அந்தக் குறை ஒவ்வொரு நாளும் தொடரும். ஒரு நஞ்சு கலந்தால் அது ஒவ்வொரு நாளும் உடலில் சேரும். எனவே, பொட்டலத்தில் எழுதியிருப்பதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே இவ்வணிகத்தின் அடிப்படைக் கேள்வியாக இருந்து வந்துள்ளது. இத்துறையில் முதலில் வந்தது விளம்பரம். அறிவியல் அதன் பின்னும், விதிமுறை கடைசியாகவும் வந்தன.

பொட்டல உணவுக்கு முன்

நெடுங்காலம் நாய்கள் மனிதர் உண்டு மிஞ்சியதையே உண்டன. வேலைக்கு வளர்க்கப்பட்ட நாய்களுக்குத் தனியாகவும் உணவு சமைக்கப்பட்டது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வேளாண்மை பற்றி எழுதிய உரோமானியரான கொலுமெல்லா, பண்ணை நாய்களுக்கு வாற்கோதுமை மாவை மோருடன் கலந்து கொடுக்கும்படி கூறுகிறார். 19ஆம் நூற்றாண்டு இலண்டனில் குதிரை இறைச்சியைத் துண்டுகளாக்கித் தெருத்தெருவாக விற்றவர்கள் இருந்தனர். நாய், பூனை வளர்த்தோர் அதை வாங்கினர்.

நாய் இறைச்சியை மட்டும் உண்டு வாழ்ந்த விலங்கு அன்று என்பதை மரபணு ஆய்வும் காட்டியுள்ளது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் படிகள் ஓநாயைவிட நாயிடம் பன்மடங்கு மிகுதி என்று சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டனர். மனிதனின் தானிய உணவோடு சேர்ந்தே நாய் மாறியது என்பது இதன் பொருள்.

ஸ்பிராட்டின் பிஸ்கட்

முதல் வணிக நாய் உணவை விற்றவராக அறியப்படுபவர் ஜேம்ஸ் ஸ்பிராட் என்னும் அமெரிக்கர். ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த இவர் இடிதாங்கி விற்பதற்காக இலண்டன் சென்றார். துறைமுகத்தில் மாலுமிகள் எறிந்த கடினமான கப்பல் பிஸ்கட்டுகளைத் தெருநாய்கள் உண்பதைப் பார்த்தே அவருக்கு இந்த எண்ணம் தோன்றியதாகச் சொல்லப்படுகிறது. 1860களில் கோதுமை மாவு, காய்கறி, பீட்ரூட், உலர்ந்த இறைச்சி ஆகியவற்றைச் சேர்த்து அவர் நாய் பிஸ்கட் தயாரித்து விற்கத் தொடங்கினார்.

இந்த பிஸ்கட்டை வாங்கியவர்கள் வேட்டை நாய்களும் காட்சி நாய்களும் வளர்த்த வசதி படைத்தோர். அவர்களைக் கவர விளம்பரமும் நாய்க் கண்காட்சிகளும் பயன்பட்டன. இந்நிறுவனத்தில் பணியாற்றிய சார்ல்ஸ் கிரஃப்ட் 1891இல் தொடங்கிய கண்காட்சியே இன்று உலகப் புகழ் பெற்ற ‘கிரஃப்ட்ஸ்’ ஆகும். ஆனால் நாய்க்கு எந்தச் சத்து எவ்வளவு தேவை என்பது அக்காலத்தில் விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. வைட்டமின் என்ற சொல்லே 1912இல்தான் உருவானது.

குதிரை இறைச்சியும் டின் உணவும்

முதல் உலகப் போருக்குப் பின் மோட்டார் வண்டிகளும் டிராக்டர்களும் பெருகின. குதிரைகள் தேவையற்றவையாயின. அவற்றின் இறைச்சியை டின்னில் அடைத்து நாய் உணவாக விற்கும் தொழில் அமெரிக்காவில் வளர்ந்தது. இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டு நகரில் சாப்பல் சகோதரர்கள் 1922இல் அறிமுகப்படுத்திய ‘கென்-எல் ரேஷன்’ இவ்வகையில் முன்னோடி. அவர்களது பிரித்தானியக் கிளையை 1930களில் வாங்கியவர் ஃபாரஸ்ட் மார்ஸ். சாக்லேட் தொழிலுக்குப் பெயர் பெற்ற மார்ஸ் நிறுவனம் நாய் உணவுத் துறையில் நுழைந்தது இவ்வழியில்தான்.

1930களில் டின் உணவு வேகமாகப் பரவியது. இரண்டாம் உலகப் போர் அதை நிறுத்தியது. தகரமும் இறைச்சியும் போர்த் தேவைக்கு ஒதுக்கப்பட்டதால் தயாரிப்பாளர்கள் தானியம் சார்ந்த உலர் உணவுக்குத் திரும்பினர். நாய்க்கு எது நல்லது என்பதைவிட, எந்த மூலப்பொருள் மலிவாகக் கிடைக்கிறது என்பதே உணவின் வடிவத்தைத் தீர்மானித்தது.

ஆய்வுக்கூடம் தந்த அறிவு

நாயின் ஊட்டச்சத்து பற்றிய முதல் உறுதியான அறிவு மனித நோய்களை ஆராய்ந்தபோது கிடைத்தது. முதல் உலகப் போரின் முடிவையொட்டி இலண்டனில் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளுக்குக் குறைபாடான உணவைக் கொடுத்து, எலும்பு மென்மையாகி வளையும் ரிக்கெட்ஸ் நோயை உண்டாக்கினார். காட் மீன் ஈரல் எண்ணெய் அந்நோயைத் தடுத்தது. வைட்டமின் டி கண்டறியப்பட இது வழிவகுத்தது. 1937இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கான்ராட் எல்வேஜெம், நாய்களின் ‘கருநாக்கு’ நோயை நிக்கோட்டினிக் அமிலம் குணப்படுத்துகிறது என்று காட்டினார். மனிதருக்கு வரும் பெல்லாக்ரா நோய்க்கும் அதுவே மருந்தாயிற்று.

உணவையே மருத்துவமாகக் கொள்ளும் முயற்சி 1939இல் தொடங்கியது. பார்வையற்றவரான மாரிஸ் ஃபிராங்கின் வழிகாட்டி நாய்க்குச் சிறுநீரக நோய் வந்தது. நியூஜெர்சியின் கால்நடை மருத்துவர் மார்க் மாரிஸ் சிறுநீரகத்தின் சுமையைக் குறைக்கும் உணவொன்றை அதற்கென வகுத்தார். 1948இல் கான்சாஸ் மாநிலத்தின் ஹில் பேக்கிங் நிறுவனம் அதைத் தயாரிக்க உரிமை பெற்றது. மருத்துவர் பரிந்துரையின்பேரில் விற்கப்படும் இன்றைய சிறப்பு உணவுகள் இதன் வழிவந்தவை.

உலர் உணவின் எழுச்சி

காலை உணவுத் தானியங்களைப் பொரிக்கப் பயன்பட்ட இயந்திரத்தை அமெரிக்காவின் ரால்ஸ்டன் பியூரினா நிறுவனம் நாய் உணவுக்கு மாற்றியமைத்தது. மாவும் இறைச்சித் தூளும் கலந்த கலவை நீராவியில் வெந்து, அழுத்தத்துடன் அச்சுத் துளை வழியே வெளியேறி, உப்பி உருண்டைகளாகிறது. உலர்த்திய பின் அதன்மேல் கொழுப்பும் சுவையூட்டியும் தெளிக்கப்படுகின்றன. 1957இல் சந்தைக்கு வந்த இவ்வுணவு விரைவில் முன்னிலை பெற்றது. மலிவு, நீண்ட நாள் கெடாமை, எளிதில் செரிக்கும் மாவுச்சத்து ஆகியவை இதன் பலம். நாய் அதை விரும்பி உண்பதற்குப் பெரிய காரணம் மேலே தெளித்த பூச்சு என்பதால், நாய் ஆவலுடன் உண்பதை மட்டும் உணவின் தரத்துக்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

அளவுகோல்கள்

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகம் நாய்களின் ஊட்டச்சத்துத் தேவையைத் தொகுத்து வெளியிட்டு வந்தது. அதன் அண்மைப் பதிப்பு 2006இல் வந்தது. 1909இல் தோன்றிய அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கம் (ஆஃப்கோ) 1990களின் தொடக்கத்தில் நாய் உணவுக்கான சத்து அட்டவணையை வகுத்தது. இதன்படி, நீர் நீங்கிய எடையில், வளர்ந்த நாயின் உணவில் குறைந்தது 18 விழுக்காடும், குட்டிகளுக்கும் சினை நாய்களுக்குமான உணவில் 22.5 விழுக்காடும் புரதம் இருக்க வேண்டும்.

‘முழுமையானது, சமச்சீரானது’ என்ற தொடருக்கு இவ்வாறே திட்டமான பொருள் ஏற்பட்டது. அட்டவணைக்கு ஏற்ப உணவு வகுக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது நாய்களுக்குக் கொடுத்துச் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். வளர்ந்த நாய்களுக்கான சோதனை குறைந்தது 8 நாய்களைக் கொண்டு 26 வாரம் நடக்கும். ஆஃப்கோ எந்த உணவுக்கும் சான்றிதழ் வழங்குவதில்லை. விதிகளை நடைமுறைப்படுத்துவது அரசுத் துறைகளே.

மிகுதியும் குறையைப் போலவே தீங்கானது என்பதும் தெரியவந்தது. 1980களில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளில், கால்சியம் மிகுதியாகக் கொடுக்கப்பட்ட கிரேட் டேன் குட்டிகளுக்கு எலும்பு வளர்ச்சி கெட்டது. பேரின நாய்க்குட்டிகளின் உணவில் கால்சியம் 1.8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற இன்றைய வரம்புக்குப் பின்னால் இத்தகைய ஆய்வுகள் உள்ளன. பியூரினா நடத்திய நீண்டகால ஆய்வொன்றில் 48 லேப்ரடார் நாய்கள் இணை இணையாக வளர்க்கப்பட்டன. இணையில் ஒன்றைவிட 25 விழுக்காடு குறைவாக உண்ட நாய்கள் சராசரியாக 1.8 ஆண்டு கூடுதலாக வாழ்ந்ததாக 2002இல் வெளியான முடிவு கூறியது. எந்த உணவு என்பதோடு எவ்வளவு உணவு என்பதும் நாயின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

2007: எண் ஏமாற்றிய ஆண்டு

2007 மார்ச்சில் கனடாவின் உணவுத் தயாரிப்பு நிறுவனம் ஒன்று 6 கோடிக்கு மேற்பட்ட டின்களையும் பைகளையும் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறந்திருந்தன. சீனாவிலிருந்து ‘கோதுமைப் புரதம்’ என்ற பெயரில் வந்த மாவில், பிளாஸ்டிக் தொழிலில் பயன்படும் மெலமின் கலந்திருந்தது.

மெலமினைக் கலந்ததற்குக் காரணம் இருந்தது. ஆய்வகம் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25ஆல் பெருக்கி, அதையே புரதமாகக் கணக்கிடுகிறது. மெலமினின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். எனவே சிறிது கலந்தாலும் தாளில் புரதம் உயர்ந்துவிடும். மெலமினும் அதனுடன் இருந்த சயனூரிக் அமிலமும் சேர்ந்து விலங்குகளின் சிறுநீரகத்தில் படிகங்களாக உறைந்தன. வெவ்வேறு விலையில் விற்ற பல முத்திரைகள் ஒரே ஆலையில் தயாரானவை என்பதையும் பலர் அப்போதுதான் அறிந்தனர்.

தானியமற்ற உணவு

இந்நிகழ்வுக்குப் பின் ‘இயற்கை’, ‘தானியமற்றது’ என்னும் சொற்கள் சந்தையில் செல்வாக்குப் பெற்றன. தானியத்துக்குப் பதிலாகப் பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு சேர்ந்தன. 2018 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இத்தகைய உணவை உண்ட நாய்களிடம் இதயத் தசை தளர்ந்து விரியும் நோய் காணப்படுவதாக வந்த அறிக்கைகளை ஆராய்வதாக அறிவித்தது. காரணத் தொடர்பு உறுதிப்படவில்லை. எனினும், தானியம் நாய்க்குக் கேடு என்ற பொதுவான கருத்துக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. தானிய ஒவ்வாமை உள்ள நாய்கள் சிலவே.

பொட்டலத்தை வாசித்தல்

இந்தியாவின் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் ‘உணவு’ என்று வரையறுப்பது மனிதர் உண்பதை மட்டுமே. விலங்குத் தீவனம் அதில் அடங்காது. ஆகவே இங்கு வாங்குவோர் பொட்டலத்தின் பின்பக்கத்தைத் தாமே வாசிக்க வேண்டியிருக்கிறது. வரலாறு கற்றுத் தந்த சில அளவைகள் இதற்குப் பயன்படும்.

முதலாவது, ‘முழுமையானது, சமச்சீரானது’ என்ற அறிவிப்பும், அது குட்டிக்கா வளர்ந்த நாய்க்கா என்ற குறிப்பும். இவை இல்லாத பொட்டலத்தை அன்றாட உணவாகக் கொள்வது பொருந்தாது.

இரண்டாவது, பெயர். அமெரிக்க விதியில் ‘நாய்க்கான கோழி இறைச்சி’ என்று பெயரிட, சேர்த்த நீரை விலக்கிப் பார்த்தால், 95 விழுக்காடு கோழி வேண்டும். ‘கோழி விருந்து’ என்றால் 25 விழுக்காடு போதும்; ‘கோழி சேர்த்தது’ என்றால் 3 விழுக்காடு. ‘கோழிச் சுவை’ என்பதற்குச் சுவை இருந்தாலே போதும்.

மூன்றாவது, பொருள்களின் வரிசை. இது சமைப்பதற்கு முந்திய எடையைக் காட்டுகிறது. பச்சை இறைச்சியில் பெரும்பகுதி நீர் என்பதால், அது முதலில் நிற்பதைக் கொண்டு மட்டும் உணவில் இறைச்சியே மிகுதி என்று சொல்ல முடியாது.

நான்காவது, ஈரப்பதம். 8 விழுக்காடு புரதமும் 78 விழுக்காடு நீரும் உள்ள டின் உணவில், நீரை நீக்கிக் கணக்கிட்டால் புரதம் ஏறத்தாழ 36 விழுக்காடு. 24 விழுக்காடு புரதமும் 10 விழுக்காடு நீரும் உள்ள உலர் உணவில் அது 27 விழுக்காடு மட்டுமே. ஒப்பிடும்போது நீரை நீக்கியே ஒப்பிட வேண்டும்.

ஐந்தாவது, பொட்டலம் சொல்லாதவை. உணவை வகுத்தவர் ஊட்டச்சத்து வல்லுநரா, சொந்த ஆலையில் தயாரிக்கப்படுகிறதா, ஒவ்வொரு தொகுதியும் சோதிக்கப்படுகிறதா என்று நிறுவனத்திடம் கேட்கலாம். தெளிவான விடை தரும் நிறுவனம் அதன் விளம்பரத்தைவிட நம்பத்தக்கது. நோயுள்ள நாய்க்கான உணவைக் கால்நடை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

ஸ்பிராட்டின் பிஸ்கட்டை வாங்கியவருக்கு விளம்பரத்தைத் தவிர வேறு வழிகாட்டி இல்லை. இன்று வாங்குபவரிடம் எண்களும் விதிகளும் உள்ளன. அவற்றில் பல, நோயுற்ற நாய்களிடமிருந்து கற்றவை.