ரோசௌரா (கப்பல்)

ரோசௌரா, கின்னஸ் பீர் ஆலைக் குடும்பத்தின் வால்டர் கின்னஸ் (மொய்ன் பிரபு, 1880–1944) 1930களில் தொலைதூரக் கடற்பயணங்களுக்குப் பயன்படுத்திய உல்லாசக் கப்பல். 1905இல் ஸ்காட்லாந்தின் கோவனில், ஃபேர்ஃபீல்டு தளத்தில், நீராவிச் சுழலிகளால் இயங்கும் பயணிகள் கப்பலாகக் கட்டப்பட்டது. 'டியெப்' என்ற பெயருடன் இங்கிலாந்தின் நியூஹேவனுக்கும் பிரான்சின் டியெப் துறைமுகத்துக்கும் இடையே ஓடியது.

குடும்பம்

1759இல் ஆர்தர் கின்னஸ், டப்ளினின் செயின்ட் ஜேம்ஸ் கேட் ஆலையை ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகையில் 9,000 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார். அவருடைய வழித்தோன்றல் எட்வர்ட் செசில் கின்னஸ் 1886இல் ஆலையைப் பங்கு நிறுவனமாக்கிப் பெருஞ்செல்வம் சேர்த்தார். அவருடைய மூன்றாம் மகனே வால்டர். 1925 முதல் 1929 வரை பிரிட்டனின் வேளாண் அமைச்சராக இருந்தவர்.

பயணங்கள்

வால்டரின் முந்தைய கப்பலான ரூசல்கா 1933இல் அயர்லாந்தின் மேற்குக் கரையில் பாறையில் மோதி மூழ்கியது. அதே ஆண்டில் அவர் டியெப்பை வாங்கி உல்லாசக் கப்பலாக மாற்றி, ரோசௌரா எனப் பெயரிட்டார். 1934–35 பயணத்தில் வின்ஸ்டன் சர்ச்சிலின் மனைவி கிளமென்டைனும் சென்றார். லண்டன் விலங்குக் காட்சிசாலைக்குக் கொமோடோ உடும்புகளைப் பிடித்துவருவது அதன் நோக்கங்களில் ஒன்று. பாலித் தீவிலிருந்து கிளமென்டைன் கொண்டுவந்த புறா, பின்னர் சர்ச்சில்களின் சார்ட்வெல் இல்லத் தோட்டத்தில் சூரியக் கடிகாரத்தின் அடியில் புதைக்கப்பட்டது.

அடுத்த பயணங்களில் நியூகினி, கிரீன்லாந்து முதலிய இடங்களுக்கும் ரோசௌரா சென்றது. இப்பயணங்களிலிருந்து 'வாக்கபவுட்' (1936), 'அட்லாண்டிக் சர்க்கிள்' (1938) ஆகிய நூல்கள் பிறந்தன. சென்ற இடங்களில் மக்களின் அன்றாடப் பயன்பாட்டுப் பொருட்களையும் வால்டர் திரட்டினார். அவற்றில் பல பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன.

மேற்கிந்தியத் தீவுகளில் தொழிலாளர் கிளர்ச்சிகள் வெடித்தபின், 1938இல் அமைந்த அரச ஆணையத்துக்கு அவர் தலைமை ஏற்றார். அப்பணிக்கும் ரோசௌராவில் சென்றார். குடியிருப்பு, கல்வி, உடல்நலம் ஆகியவற்றின் அவல நிலையை வெளிப்படையாகச் சொன்ன ஆணையத்தின் அறிக்கையைப் போர்க்காலத்தில் அரசு முழுமையாக வெளியிடவில்லை; அது 1945இல்தான் முழுமையாக வெளிவந்தது.

முடிவு

இரண்டாம் உலகப் போரில் கடற்படை இக்கப்பலை எடுத்துக்கொண்டது. 1941 மார்ச் 18இல் லிபியாவின் டோப்ரூக் அருகே கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது. வால்டர் கின்னஸ் 1944 நவம்பர் 6இல் கெய்ரோவில் லெஹி என்ற யூத ஆயுதக் குழுவினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். தன் ஆணையத்தின் அறிக்கை முழுமையாக அச்சேறியதை அவர் காணவில்லை.