ஆறு மாசம் கழிச்சு வாங்க!

உங்கள் வீட்டுப் பெண்மணி ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். டாக்டர் பரிசோதிக்கிறார். 'ஆறு மாசம் கழிச்சு வாங்கம்மா' என்கிறார். போகிறார். மறுபடியும் பரிசோதனை. மறுபடியும் 'ஆறு மாசம் கழிச்சு வாங்க.' இப்படியே வருடக்கணக்கில் நடக்கிறது. என்ன நினைப்பீர்கள்? 'அடடா, எவ்வளவு அக்கறையான டாக்டர்!'

நியூஸிலாந்தில், ஆக்லாந்து நகரத்தின் நேஷனல் வுமன்ஸ் மருத்துவமனைக்குப் போய்வந்த பெண்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

கதைக்குப் போவதற்கு முன்னால் கொஞ்சம் மருத்துவம். பயப்படாதீர்கள், எளிமையானதுதான்.

கருப்பைவாய்ப் புற்றுநோய் ராத்திரியோடு ராத்திரியாக வருவதில்லை. பல வருடங்களுக்கு முன்பே அங்கிருக்கும் செல்கள் உருமாறத் தொடங்கிவிடும். அமெரிக்காவில் குடியேறிய கிரேக்க டாக்டர் ஜார்ஜ் பாபநிகோலாவ், கொஞ்சம் செல்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம் என்று 1940-களில் நிரூபித்தார். இன்றும் நாம் சொல்லும் 'பாப் ஸ்மியர்' அவர் பெயரின் முதல் பாதிதான்.

முற்றிய புற்றுக்கு முந்தைய கட்டத்துக்கு ஒரு பெயர் உண்டு. 'கார்சினோமா இன் சிட்டு.' செல்கள் கெட்டுப்போய்விட்டன, ஆனால் மேலடுக்கிலேயே இருக்கின்றன, இன்னும் உள்ளே ஊடுருவவில்லை என்று அர்த்தம். இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் அந்த இடத்தைக் கூம்பு வடிவில் வெட்டி எடுத்துவிடலாம். அந்தக் காலத்தில் பல டாக்டர்கள் கருப்பையையே எடுத்துவிடுவார்கள்.

இங்கேதான் ஹெர்பர்ட் கிரீன் வருகிறார். அந்த மருத்துவமனையின் இணைப் பேராசிரியர். 'இந்தக் கட்டம் புற்றாக மாறுவது மிக மிக அபூர்வம். இதற்காக இளம்பெண்களின் கருப்பையை வெட்டி எறிவது அநியாயம்' என்பது அவருடைய கட்சி. குழந்தை பெற வேண்டிய வயதுப் பெண்களைப் பற்றிய கவலை. நியாயமான கவலைதான்.

ஆனால், நம்புவது வேறு, நிரூபிப்பது வேறு. 1966 ஜூனில் மருத்துவமனையின் மூத்த டாக்டர்கள் குழுவிடம் ஒரு திட்டத்தை வைத்தார் கிரீன். நோய் என்ன என்று தெரிந்துகொள்ள மட்டும் துளி சதை எடுப்பது, அதன்பிறகு வெட்டாமல் சும்மா கண்காணிப்பது. குழு தலையாட்டியது.

எல்லாம் பேசினார்கள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்களிடம் யாரும் சொல்லவில்லை. 'உங்களுக்கு வழக்கமான சிகிச்சை தரப்போவதில்லை, என்ன ஆகிறது என்று பார்க்கப்போகிறோம்' என்று ஒரு வார்த்தை? ம்ஹும்.

அதே மருத்துவமனையில் இரண்டு பேருக்கு வயிற்றில் புளி கரைந்தது. கால்போஸ்கோப் கருவியில் கருப்பைவாயை நேரடியாகப் பார்த்துவந்த பில் மெக்கிண்டோ, எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் சோதித்த ஜாக் மெக்லீன். 'நோய் போகவில்லை, சிலருக்குப் புற்றாகவே மாறுகிறது' என்று மேலிடத்துக்கு எழுதினார்கள். மேலிடம் கிரீன் பக்கமே நின்றது.

கிரீன் என்ன செய்தார் தெரியுமா? புற்று வந்துவிட்ட சில பெண்களின் பழைய தகடுகளை மறுபடி பார்த்து, 'இவருக்கு ஆரம்பத்திலேயே புற்று இருந்திருக்கிறது' என்று சொல்லி, அவர்களைத் தன் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார். வராத கடனையெல்லாம் பேரேட்டிலிருந்து கிழித்துவிட்டு 'கம்பெனி லாபத்தில் ஓடுகிறது' என்று பங்குதாரர்களுக்குச் சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மெக்கிண்டோவும் மெக்லீனும் விடவில்லை. ரான் ஜோன்ஸ் போன்ற சகாக்களோடு சேர்ந்து, கிழிக்காத முழுக் கணக்கை 1984-ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். மொத்தம் 948 பெண்கள். முதல் சிகிச்சைக்குப் பிறகு ஸ்மியர் சரியாகிவிட்டவர்களில் புற்று வந்தது 1.5 சதவிகிதம் பேருக்கு. ஸ்மியர் தொடர்ந்து மோசமாகவே இருந்த 131 பேரில் 22 சதவிகிதம் பேருக்கு.

நாடே கொதித்திருக்க வேண்டுமே? ஒரு சத்தமும் இல்லை. 1986-ல் மெக்கிண்டோ இறந்துபோனார்.

1987 ஜூனில் ஆக்லாந்தின் 'மெட்ரோ' பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் சாண்ட்ரா கோனி, ஃபில்லிடா பங்கிள் என்ற இரண்டு பெண்கள். தன்னை வைத்து ஆராய்ச்சி நடந்தது என்றே தெரியாமல் வருடக்கணக்கில் மருத்துவமனைக்கு நடந்து, கடைசியில் புற்றுநோயோடு நின்ற ஒரு பெண்ணின் கதையை, 'ரூத்' என்று பெயரை மாற்றி எழுதியிருந்தார்கள். டாக்டர்களின் பத்திரிகை அசைக்காததை ஜனங்களின் பத்திரிகை அசைத்தது. அதே மாதம் விசாரணைக்கு உத்தரவு. நீதிபதி சில்வியா கார்ட்ரைட் 1988 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தார். சிகிச்சை போதாததால் சிலருக்குப் புற்று முற்றியது, சிலர் இறந்தே போனார்கள் என்று அதில் இருந்தது.

அதன்பிறகு நியூஸிலாந்தில் நாடு தழுவிய பாப் ஸ்மியர் திட்டம் வந்தது. நோயாளிகளின் உரிமைகள் 1996-ல் சட்டபூர்வமாயின. தகவல் கேட்கும் உரிமை, சம்மதம் சொல்லும் உரிமை, மாட்டேன் என்று சொல்லும் உரிமை.

சரி, கிரீன் சொன்னது சுத்தப் பொய்யா?

அதற்கான பதில் 2008-ல்தான் முழுசாகக் கிடைத்தது. அதே பெண்களின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ச்சியாளர்கள் மறுபடி புரட்டினார்கள். சரியான சிகிச்சை பெற்றவர்களில், 30 வருடத்தில் புற்று வந்தவர்கள் 0.7 சதவிகிதம். துளி சதை மட்டும் எடுத்துவிட்டுச் சும்மா விடப்பட்ட 143 பேரில் 31 சதவிகிதம்.

இந்த 31-ஐக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். மீதி 69 சதவிகிதம் பேருக்குப் புற்று வரவில்லை! கிரீனின் அறைக்கு வந்துபோன பெண்களில் பெரும்பாலோர் நன்றாகத்தான் இருந்தார்கள். அவர்களைப் பார்த்துப் பார்த்தே 'நான் சொன்னது சரி' என்று நம்பியிருப்பார் மனிதர். ஆனால் யார் அந்த மூன்றில் ஒருவர் என்று முன்கூட்டியே சொல்ல அவருக்கு வழி இல்லை. தெரியாதபோது எல்லோருக்கும்தான் சிகிச்சை தந்திருக்க வேண்டும்.

இந்த நோய்க்கு ஹெச்.பி.வி. என்ற வைரஸ் காரணம் என்று ஜெர்மனியின் ஹரால்ட் சுர் ஹௌஸன் 1983-84-ல் காட்டினார், 2008-ல் நோபல் வாங்கினார். 2006-லிருந்து தடுப்பூசியும் வந்துவிட்டது. ஆனால், கெட்டுப்போன செல்களைச் சும்மா விட்டால் எத்தனை பேருக்குப் புற்று வரும் என்று கேட்டால், உலகத்தின் டாக்டர்கள் இன்றைக்கும் அந்த ஆக்லாந்துப் பெண்களின் கணக்கைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். அப்படி ஓர் ஆராய்ச்சியை இனி யாரும் நடத்த முடியாது, நடத்தவும் கூடாது.

'முப்பது வயசு தாண்டிடுச்சு, ஒரு தடவை பரிசோதனை பண்ணிக்கோங்கம்மா' என்று உங்கள் டாக்டர் சொன்னால் அலுத்துக்கொள்ளாதீர்கள். அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பதற்கு விலை கொடுத்தவர்கள் உண்டு. அந்த விலையைத் தருகிறாயா என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.