கண்ணாடி ஓடும் டியூப் லைட்டும்: வகுப்பறை வெளிச்சத்தின் கதை

2012-ல் தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இருக்காது. எங்கள் காங்கேயம் பக்கம் விசைத்தறி, அரிசி ஆலை எல்லாம் நின்று நின்று ஓடின. நான் அப்போது ஒன்றாம் வகுப்பு. எங்கள் ஓட்டுக் கட்டடப் பள்ளிக்கூடத்தில் மட்டும் அது பெரிதாகத் தெரியவே இல்லை. இரண்டு பக்கமும் பெரிய ஜன்னல், கூரையில் நடுநடுவே கண்ணாடி ஓடு. அதன் வழியாக விழும் வெளிச்சக் கட்டம் தரையில் நகர்ந்து நகர்ந்து மூன்றாவது வரிசைக்கு வந்தால் சாப்பாட்டு பெல் அடிக்கப் போகிறது என்று எங்களுக்குத் தெரியும்!

ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கு மாறினேன். கான்கிரீட் கட்டடம். ரோட்டோர ஜன்னல்களில் லாரி சத்தமும் ஆடிக்காற்றுப் புழுதியும் வருகிறது என்று மூடி, மேலே சார்ட் ஒட்டிவிட்டார்கள். பகல் பதினொரு மணிக்கும் டியூப் லைட். எட்டாம் வகுப்பில் மூக்குக் கண்ணாடி போட்டேன். அந்த அறைதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வகுப்பறைக்கும் வெளிச்சத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தேட ஆரம்பித்தது அதனால்தான்.

முதலில் 200 வருடம் பின்னால் போவோம். 1822-ல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ, மாகாணம் முழுக்க எத்தனை பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். காங்கேயம் அப்போது கோயம்புத்தூர் ஜில்லா. (திருப்பூர் மாவட்டம் வந்தது 2009-ல்தான்.) கோவை ஜில்லாவில் இருந்தவை 763 பள்ளிகள், சுமார் 8,200 மாணவர்கள். பெரும்பாலும் திண்ணைப் பள்ளிக்கூடங்கள்தான். பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் தன் ஜில்லா பள்ளிகளைப் பற்றி எழுதிய அறிக்கை சுவாரஸ்யமானது. காலை ஆறு மணிக்கே பள்ளி ஆரம்பம். முதலில் வரும் பையனுக்கு உள்ளங்கையில் சரஸ்வதி பெயர் எழுதுவார்கள். இரண்டாவது ஆளுக்கு ஒரு சுழி. மூன்றாவது ஆளிலிருந்து அடி! லேட்டாக வர வர அடி கூடும். விளக்கெண்ணெய் செலவில்லாமல் படிக்க வேண்டும் என்றால் சூரியனோடு எழுந்துதானே ஆக வேண்டும்? அந்தக் காலத்தில் டைம்டேபிள் போட்டதே வெளிச்சம்தான்.

அந்தத் திண்ணையில் எல்லோருக்கும் இடம் இருந்ததா என்றால், இல்லை. பெண் பிள்ளைகள் மிகக் குறைவு. தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் ஏறக்குறைய இல்லவே இல்லை. "அந்தக் காலம் பொற்காலம்" என்று சொல்பவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இந்தத் திறந்தவெளிப் படிப்பு இங்கிலாந்துக்கும் போனது தெரியுமா? 1789-ல் சென்னை எழும்பூரில் ராணுவ வீரர்களின் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்த வந்தவர் ஆண்ட்ரூ பெல். ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது, உள்ளூர்ப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். உடனே தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கும் நம் சட்டாம்பிள்ளை முறையும் சேர்ந்துகொள்ள, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. மணலும் சட்டாம்பிள்ளையும் கப்பலேறினார்கள். திண்ணை வெளிச்சம் ஏறவில்லை! அங்கே நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் அடைத்தார்கள். வேடிக்கை பார்க்கக் கூடாது என்று ஜன்னல்களை உயரத்தில் வைத்தார்கள்.

வெளிச்சம் குறைந்தால் என்ன ஆகும் என்று கணக்கெடுத்துக் காட்டியவர் ஹெர்மன் கோன் என்ற ஜெர்மன் கண் மருத்துவர். பிரெஸ்லாவ் நகரில் (இன்று போலந்தில் இருக்கிறது) 10,060 மாணவர்களின் கண்களைச் சோதித்து 1867-ல் வெளியிட்டார். கிராமப் பள்ளிகளில் கிட்டப்பார்வை 1.4 சதவீதம். உயர்நிலைப் படிப்புக்கான 'ஜிம்னேசியம்' பள்ளிகளில் 26.2 சதவீதம்! வகுப்பு ஏற ஏற அதிகமானது. குறுகலான தெருக்களில் இருந்த இருட்டுப் பள்ளிகளில் மோசமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் ஜன்னல் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வர வேண்டும் என்றெல்லாம் தீவிரமாகப் பேச ஆரம்பித்தார்கள். இடது பக்கமிருந்து வர வேண்டும் என்பது விதி. வலது கையால் எழுதுபவருக்கு அப்போதுதான் கை நிழல் நோட்டில் விழாது. (என் பெஞ்சில் இருந்த இடதுகைக்காரனைப் பற்றி அவர்கள் யோசிக்கவில்லை.)

நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. 1976-லேயே பள்ளிக் கட்டடங்களில் பகல் வெளிச்சம் எப்படி அமைய வேண்டும் என்று இந்திய தர நிறுவனம் தனி வழிகாட்டி போட்டது. நேர் வெயிலை விட்டுவிட்டு, வானத்து வெளிச்சத்தை மட்டும் 8,000 லக்ஸ் என்று வைத்துக்கொண்டு ஜன்னலைக் கணக்கிடச் சொல்கிறார்கள். எங்கள் ஊர் வெயிலுக்கு இதுதான் சரி. வெயிலை உள்ளே விட்டால் பிள்ளைகள் வெந்துவிடும், கரும்பலகையும் பளபளக்கும். தாழ்வாரம் வைத்த பழைய ஓட்டுக் கட்டடங்கள் வெயிலை வெளியே நிறுத்தி வெளிச்சத்தை மட்டும் உள்ளே விட்டன.

ஆனால் ஜன்னலைத் திறந்தால் மட்டும் போதாது என்கிறது புதிய ஆராய்ச்சி. சீனாவின் குவாங்சோவில் 12 பள்ளிகளை எடுத்து, ஆறு பள்ளிகளில் மட்டும் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருடத்தில் அவர்களில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது 30.4 சதவீதம். மற்ற பள்ளிகளில் 39.5. முடிவு 2015-ல் வந்தது. நல்ல வகுப்பறையில்கூட சில நூறு லக்ஸ்தான். வெளியே மர நிழலிலேயே பல ஆயிரம் இருக்கும். அந்தப் பிரகாசம் விழித்திரையில் டோபமைனைச் சுரக்க வைத்து, கண் நீளமாக வளர்வதைத் தடுக்கிறது என்று கருதுகிறார்கள். அப்படியென்றால் பரீட்சை நேரத்தில் பி.இ.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வது கண்ணுக்கும் நஷ்டம்!

என் தங்கை இப்போது அதே பள்ளியில் ஒன்பதாவது. ஜன்னல் சார்ட்டையெல்லாம் எடுத்துவிட்டார்களா என்று போனில் கேட்டேன். இரண்டு ஜன்னலில் எடுத்தாச்சாம். மூன்றாவதில் காலாண்டுத் தேர்வு டைம்டேபிள் ஒட்டியிருக்கிறதாம்.