செங்கல்பட்டு ஜாகீர்: துணி வணிகமும் படை உதவியும்

செங்கல்பட்டு ஜாகீர் என்பது ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி 1763-ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த நிலப்பகுதியாகும். சென்னையைச் சூழ்ந்து ஏறத்தாழ 2000 ஊர்களைக் கொண்டிருந்த இப்பகுதியே பிற்காலச் செங்கல்பட்டு மாவட்டத்தின் அடித்தளம். வகுப்பறையில் இது ஒரே வரியில் முடிந்துவிடும்: நவாப் நன்றிக்கடனாகக் கொடுத்தார். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அந்தக் கடன் எப்படி ஏறியது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

கடற்கரையும் துணியும்

சோழமண்டலக் கரைக்கு ஐரோப்பியர் வந்தது துணிக்காக. கிழக்கிந்தியத் தீவுகளில் மிளகு, கிராம்பு, சாதிக்காய் வாங்க வெள்ளியைவிட இப்பகுதித் துணிக்கே மதிப்பு மிகுதி என்பதை டச்சுக்காரர்கள் விரைவில் கண்டுகொண்டனர். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் அவர்கள் அமைத்த பண்டகசாலை மெல்லிய மஸ்லினுக்குப் பெயர்பெற்றது. கோவளத்தில் ஆஸ்டெண்ட் கம்பெனிக்கு ஒரு நிலையம் இருந்தது. ஆங்கிலேயருக்குச் சென்னை, பிரெஞ்சுக்காரருக்குப் புதுச்சேரி.

எல்லோருக்கும் ஒரே தொல்லை. ஐரோப்பியப் பொருள்களை இங்கே வாங்குவோர் குறைவு. எனவே நெசவாளருக்கு முன்பணம் கொடுக்க ஆண்டுதோறும் கப்பலில் வெள்ளி வர வேண்டும். கப்பல் தாமதித்தால் கொள்முதல் நின்றுவிடும். உள்ளூரிலேயே நிலையான நில வருவாய் கிடைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும் என்று தெளிவாகக் கணக்குப் போட்டவர் புதுச்சேரி ஆளுநர் தூப்ளே. நில வருவாய் வேண்டுமென்றால் நவாப் பதவியில் தமக்கு வேண்டியவர் இருக்க வேண்டும்.

இரு வாரிசுகள், இரு கம்பெனிகள்

1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். சந்தா சாகிபைப் பிரெஞ்சுக்காரர் ஆதரித்தனர். அன்வருத்தீனின் மகன் முகம்மது அலியை ஆங்கிலேயர் ஆதரித்தனர். ஐரோப்பாவில் அப்போது இரு நாடுகளுக்கும் இடையே போர் இல்லை. ஆகவே இரு கம்பெனிகளும் தாங்கள் போரிடவில்லை, முறையான வாரிசுக்கு உதவுகிறோம் என்றே கூறிக்கொண்டன.

உதவிக்குக் கூலி உண்டு. இடைக்கழிநாட்டுக் கரையிலுள்ள ஆலம்பரைக் கோட்டையை 1750-இல் முசாபர் ஜங் பிரெஞ்சுக்காரருக்கு அளித்தார். அதே காலத்தில் கோவளமும் அவர்கள் கைக்குப் போயிற்று.

1752-இல் கோவளத்தையும் செங்கல்பட்டையும் மீட்க ராபர்ட் கிளைவ் அனுப்பப்பட்டார். அவரிடம் இருந்தவர்கள் 500 புதிய சிப்பாய்களும், அப்போதுதான் கப்பலிலிருந்து இறங்கிய 200 ஆங்கிலேயரும். முதல் குண்டுச் சத்தத்திலேயே அவர்கள் ஓடினர். ஒருவரைச் சில மணி நேரம் கழித்து ஒரு கிணற்றின் அடியில் கண்டெடுத்ததாக மெக்காலே எழுதுகிறார். அப்படியும் கோவளம் விழுந்தது. அதைக் காப்பாற்றச் செங்கல்பட்டிலிருந்து வந்த படையை வழிமறித்துத் தோற்கடித்தபின் செங்கல்பட்டுக் கோட்டையும் பணிந்தது.

1754 ஜனவரியில் இரு தரப்பும் சமரசம் பேசக் கூடின. இடம், நடுநிலையில் இருந்த டச்சுக்காரரின் சதுரங்கப்பட்டினம். ஆங்கிலேயர் சார்பில் வான்சிட்டார்ட், பால்க் ஆகியோர் வந்தனர். முகலாயப் பேரரசரின் பெயரால் வழங்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட சனதுகளைப் பிரெஞ்சுத் தரப்பு எடுத்துவைத்தது. அவை போலி என்றது ஆங்கிலத் தரப்பு. யார் நவாப் என்பதை டில்லிப் பேரரசரோ ஆர்க்காட்டு மக்களோ அல்ல, துணி வாங்க வந்த இரண்டு கம்பெனிகளின் ஊழியர்கள் ஒரு டச்சுக் கிடங்குக் கோட்டையில் உட்கார்ந்து வாதிட்டனர். பேச்சு முறிந்தது. அவ்வாண்டே தூப்ளே திருப்பி அழைக்கப்பட்டார்.

உதவியின் விலை

முகம்மது அலி வென்றார். வென்ற கையோடு படைச்செலவுக் கணக்கும் அவர் முன் வைக்கப்பட்டது. கம்பெனிச் சிப்பாய்களின் சம்பளம், வெடிமருந்து எல்லாம் அவர் பற்றில் எழுதப்பட்டன. இந்த நிலையில்தான் 1763-இல் ஜாகீர் கைமாறியது. 1765-இல் பேரரசர் ஷா ஆலம் அதை உறுதிசெய்தார். வேடிக்கை என்னவென்றால், தாம் கொடுத்த நிலத்தையே நவாப் கம்பெனியிடம் குத்தகைக்கு எடுத்து 1780 வரை வரி தண்டினார். உழுதவருக்கு ஆள் மாறவில்லை. கொடுக்க வேண்டிய இடம் மட்டும் ஒன்று கூடிற்று.

இடையில் 1767 முதல் 1774 வரை பார்னார்ட் என்னும் பொறியாளர் ஜாகீரை ஊர் ஊராக அளந்தார். இந்த ஆவணங்களின் அருமையைப் பிற்காலத்தில் தரம்பால் எடுத்துக்காட்டினார். ஊர்களின் செழிப்பைக் காட்டும் சான்றாக இன்று நாம் படிக்கும் அந்தக் கணக்கு, என்ன கறக்கலாம் என்று அறிய எடுக்கப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது.

கம்பெனிக் கடன் போதாதென்று, அதன் ஊழியர்கள் தனிப்பட்ட முறையில் நவாப்புக்கு வட்டிக்கு விட்டனர். அவர்களில் பால் பென்ஃபீல்டு பெயர்போனவர். 1773-இல் கம்பெனிப் படை தஞ்சாவூரைப் பிடித்து நவாப்பிடம் கொடுத்தது. அதன் விளைச்சல்மீது தமக்குப் பற்று உண்டென்றார் பென்ஃபீல்டு. இயக்குநர்களின் ஆணைப்படி 1776-இல் தஞ்சையை அரசர் துளஜாவிடம் திருப்பிக்கொடுத்த ஆளுநர் பிகட்டை, அவருடைய ஆலோசனைக் குழுவினரே சிறைபிடித்தனர். காவலிலேயே 1777-இல் அவர் இறந்தார். இந்தக் கடன்களைப் பற்றி எட்மண்ட் பர்க் 1785-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நீண்ட உரை ஆற்றினார்.

1780-இல் ஹைதர் அலியின் படை இறங்கியபோது ஜாகீர் பாழாயிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 10-இல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கம்பெனிப் படை ஒன்று அழிந்தது. மக்கள் ஊர்களைவிட்டு ஓடினர். பின்னர் கம்பெனியே நேரடியாக வரி தண்டத் தொடங்கியது.

எண்ணெய்க் காலம்

துணியின் இடத்தில் எண்ணெயை வைத்தால் இதே கணக்கை 1914-இலும் காணலாம். அவ்வாண்டு பிரிட்டிஷ் அரசு ஆங்கிலோ-பாரசீக எண்ணெய் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. கடற்படைக்கு எண்ணெய் தேவைப்பட்டது. அந்நிறுவனத்தைத் தொடங்கிய பர்மா எண்ணெய் நிறுவனத்தின் தொட்டிகளைத்தான் செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னையில் சுட்டு எரித்தது. நவம்பர் 6-இல் இந்தியப் படை பாரசீக வளைகுடாவின் தலைப்பகுதியிலுள்ள பாவ் என்னுமிடத்தில் இறங்கியது. அபாதான் எண்ணெய் ஆலையைக் காப்பது அதன் முதல் வேலைகளில் ஒன்று. 1916 ஏப்ரலில் கூத் நகரில் சரணடைந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியரே.

இன்று காணக்கூடியவை

சதுரங்கப்பட்டினக் கோட்டையும் டச்சுக் கல்லறைகளும் கல்பாக்கம் அருகே உள்ளன. 1760-இல் ஆங்கிலேயர் தகர்த்த ஆலம்பரைக் கோட்டையின் சுவர்கள் உப்பங்கழியோரம் நிற்கின்றன. செங்கல்பட்டுக் கோட்டையைத் தேடி அலைய வேண்டியதில்லை. ரயில் பாதை அதன் ஊடாகவே செல்கிறது.