குரல் நின்ற இடத்தில் குறிகள்

இலக்கிய இதழுக்குக் கட்டுரை அனுப்புகிறவர்களிடம் ஆசிரியர் குழுவினர் வழக்கமாக வைக்கும் சில வேண்டுகோள்கள் உண்டு. பத்தி பிரித்து எழுதுக. மேற்கோளைத் தனித்துக் காட்டுக. சொற்களைச் சேர்ப்பதிலும் பிரிப்பதிலும் ஒரே முறையைக் கையாளுக. ஒற்றுப் பிழைகளைக் களைந்து அனுப்புக. இவையெல்லாம் படைப்பின் உயிரோடு தொடர்பற்ற எழுத்தர் வேலை என்பதே நம்மில் பலரின் எண்ணம். தமிழ்ப் பக்கம் இன்றைய வடிவத்தை அடைந்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தால் இந்த எண்ணம் நிலைக்காது.

ஓலைச்சுவடியிலிருந்து தொடங்குவோம். சுவடியில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளி கிடையாது. செய்யுளும் அடி அடியாக மடங்காமல் உரைநடைபோல் ஓடிக்கொண்டே இருக்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை; எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்ற அச்சமே இதற்குக் காரணம் என்பர். எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் விதித்திருந்தும் ஏட்டில் அது இடம்பெறாமையால் 'எரி'யும் 'ஏரி'யும் ஒன்றுபோல் இருந்தன. 'கொடு'வும் 'கோடு'ம் ஒன்றுபோல் இருந்தன. ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு இல்லை. மூலம் முடிந்து உரை தொடங்கும் இடத்தையும், உரைக்குள் மேற்கோள் வரும் இடத்தையும் படிப்பவரே கண்டுகொள்ள வேண்டும்.

அப்படியானால் நம் முன்னோர் எப்படிப் படித்தார்கள்? அவர்கள் தனியாகப் படிக்கவில்லை என்பதே விடை. ஏடு நினைவுக்குத் துணை. பாடம் ஆசிரியரின் வாயில் இருந்தது. 'செம்பொன்பதின்றொடி' என்ற தொடரை இலக்கண உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவது வழக்கம். 'செம்பொன் பதின்தொடி' என்று பிரித்தால் பொன். 'செம்பு ஒன்பதின்தொடி' என்று பிரித்தால் செம்பு. எழுத்து ஒன்றாகவே இருக்க, பொருள் மட்டும் வேறுபடும் இத்தகைய புணர்ச்சிகளை ஒலிக்கும் முறையாலும் குறிப்பாலும் அறியலாம் என்கிறது தொல்காப்பியம். இந்த விதி கேட்பதற்கு ஒரு குரல் அருகில் இருக்கும் உலகத்துக்கு உரியது. ஆசிரியர் எங்கே மூச்சு விட்டார் என்பதே மாணவனுக்கு நிறுத்தக்குறி.

அச்சு இந்த உறவை மாற்றியது. முன்பின் அறியாத ஒருவர், ஆசிரியரின் துணையின்றி, தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து படிக்கும் பொருளாக நூல் ஆயிற்று. குரல் போன இடத்தில் வேறொன்று வந்தாக வேண்டும். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை வரிவடிவில் காட்டும் சீர்திருத்தம் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த வீரமாமுனிவரின் பெயரோடு வழங்குகிறது. 1835இல் அச்சகங்கள் மீதான கட்டுப்பாடு நீங்கியபின் தமிழர்களே அச்சுக்கூடம் நிறுவும் காலம் விரிந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822-1879) அக்காலத்தின் முதன்மையான பெயர். பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்ற நாவலர், கிறித்தவ வெளியீடுகளின் அச்சு ஒழுங்கை நேரில் அறிந்தவர். அந்த ஒழுங்கைச் சைவ நூல்களுக்கும் இலக்கண நூல்களுக்கும் கொண்டுவந்தார். அவர் உரைநடையில் நிறுத்தக்குறிகள் திட்டமாக அமைந்தன. பரிமேலழகர் உரையோடு 1861இல் வெளியிட்ட திருக்குறள் உள்ளிட்ட அவருடைய பதிப்புகள் பிழையின்மைக்குப் பெயர்பெற்றன. சமயத்தில் எதிரணியில் நின்றவரிடமிருந்து காற்புள்ளியைக் கற்றுக்கொள்ள அவர் தயங்கவில்லை.

அடுத்த படி உ.வே. சாமிநாதையருடையது. 1887இல் சீவக சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு என்று அவர் பதிப்பித்த நூல்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால், பக்கத்தின் அமைப்பே ஓர் ஆய்வாக வளர்வது தெரியும். மூலம் வேறு, உரை வேறு, அடிக்குறிப்பில் பாடபேதம், இறுதியில் அரும்பத அகராதி, முகப்பில் நூலாசிரியர் வரலாறு, சுவடி தந்தவர்களுக்கு நன்றி. உதவியவரின் பெயரையும் மாறுபட்ட பாடத்தையும் மறைக்காமல் காட்டுவது வெறும் அமைப்பு முறைதானா? 'நான் இதைக் கண்ட வழி இது. நீங்களும் சோதித்துப் பார்க்கலாம்' என்று வாசகனிடம் சொல்லும் நேர்மை அது.

ஆயினும் ஒரு கதவு பாதி மூடியே இருந்தது. செய்யுள்கள் சந்தி பிரியாமல், சீர் அமைப்பின்படி அச்சிடப்பட்டன. சீர் முடியும் இடமெல்லாம் சொல் முடியும் இடமல்ல. ஆகவே புலமைப் பயிற்சி இல்லாதவருக்குச் சங்கப் பாட்டு அச்சில் வந்தும் ஏடாகவே இருந்தது. 1950களின் பிற்பகுதியில் சென்னை மர்ரே நிறுவனத்தின் எஸ். ராஜம், அறிஞர் குழு ஒன்றின் துணையுடன், பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் வெளியிட்டார். அந்தப் பணியில் வையாபுரிப் பிள்ளைக்கும் பங்கு உண்டு.

சொல்லைப் பிரித்தால் யாப்புக் கெடும் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. 'நாடெங்கும்' என்பதை 'நாடு எங்கும்' என்று அச்சிட்டால் ஓர் அசை கூடுகிறது, தளை தட்டுகிறது. இன்னொரு இடரும் உண்டு. இரண்டு பொருளுக்கு இடம்தரும் தொடரைப் பிரிக்கும்போது பதிப்பாசிரியர் ஒரு பொருளைத் தேர்ந்துகொண்டு மற்றொன்றை மறைத்துவிடுகிறார். வெளி விடுவதும் ஓர் உரைதான். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் ராஜத்தின் பக்கமே நான் நிற்பேன். யாப்பை அறிந்தவர் பிரித்த பாட்டை மீண்டும் சேர்த்துப் படித்துக்கொள்வார். அறியாதவரால் சேர்ந்த பாட்டைப் பிரிக்க இயலாது. உழைப்பை எவர் தோளில் வைப்பது என்ற கேள்விக்கு ராஜம் தந்த விடை அது.

நம் உரைநடையிலும் இதே கேள்விதான். 'வேலை கொடுத்தான்' என்றால் பணி. 'வேலைக் கொடுத்தான்' என்றால் படைக்கலம். 'அவன்தான் வந்தான்' என்பதும் 'அவன் தான் வந்தான்' என்பதும் கண்ணுக்கு ஒன்றல்ல. பேசும்போது இவற்றைக் குரல் காப்பாற்றிவிடுகிறது; எழுத்தில் காப்பாற்ற வேண்டியவர் எழுதுகிறவர். அவர் ஒருமுறை செய்யத் தவறியதை ஒவ்வொரு வாசகரும் தனித்தனியே செய்ய நேர்கிறது. சொல் பிரிப்பு, நிறுத்தக்குறி, ஒற்று ஆகியவற்றில் தெளிவு தரும் 'தமிழ் நடைக் கையேடு' போன்ற நூல் நம்மிடையே இருக்கும்போது அறியாமையைக் காரணம் காட்டவும் வழியில்லை.

விதிகளில் கருத்து வேறுபாடு இருக்கட்டும். ஒற்று எங்கே மிகும் என்று புலவர்கள் தொடர்ந்து வாதிடட்டும். வேண்டுமென்றே விதியை மீறும் படைப்பாளிக்கும் இடம் உண்டு. ஆனால் மீறல் வேறு, கவனமின்மை வேறு. கையெழுத்துப் பிரதியை அனுப்புமுன் ஒருமுறை வாய்விட்டுப் படிப்போம். நம் குரல் தயங்கி நிற்கும் இடத்தில் பக்கத்திலும் ஒரு குறி நிற்கிறதா என்று பார்ப்போம். நம்மை ஒருபோதும் காணப்போகாத வாசகருக்கு அருகில் அமர்ந்து பாடம் சொல்ல நமக்குள்ள வழி அது ஒன்றே.