மருந்துச்சீட்டில் யார் கையெழுத்து?

செஃபிக்ஸிம் உள்ளிட்ட ஆன்டிபயாட்டிக்குகள், காசநோய் மருந்துகள் எனத் தொடக்கத்தில் 46 மருந்துகளைக் கொண்ட ‘எச்1’ அட்டவணை, 2014 மார்ச் 1 அன்று இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. இவற்றை விற்கும் கடைக்காரர் தனிப் பதிவேடு வைத்து, மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும். மருந்தின் பெயர், அளவு, நோயாளியின் பெயர் ஆகியவற்றோடு மருந்து எழுதியவரின் பெயரும் முகவரியும் அதில் ஏற வேண்டும். அந்தக் கட்டத்தில் யாருடைய பெயர் வரலாம் என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 2(ஈஈ) பிரிவு இதற்கு விடை தருகிறது. நவீன மருத்துவம் படித்துப் பதிவு பெற்றவர், பல் மருத்துவர், கால்நடை மருத்துவர் ஆகியோர் அதில் இடம்பெறுகின்றனர். மாநில அரசு ஆணையிட்டு அறிவிக்கும் சிலருக்கும் இடமுண்டு. செவிலியரும் மருந்தாளுநரும் அப்பட்டியலில் இல்லை.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. ஹோமியோபதி படித்த ஒருவர் காய்ச்சலுக்கு ஆங்கில மருந்து கொடுத்து, நோயாளி இறந்துபோன வழக்கில், தாம் பயிலாத முறையில் வைத்தியம் பார்த்ததே கவனக்குறைவு என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருந்து எழுதும் உரிமை, அந்த மருத்துவ முறையைத் தொழிலாகச் செய்யும் உரிமையோடு பிணைந்தது என்று 1998இல் அதே நீதிமன்றம் உறுதி செய்தது. பயிற்சிக்கு வெளியே கை நீளக் கூடாது என்பதே இவ்விரு தீர்ப்புகளின் சாரம்.

அந்த அளவுகோலைக் கிராம சுகாதார செவிலியருக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தையும் 14 நாளுக்கான துத்தநாக மாத்திரையையும் கொடுப்பவர் அவர். அரசுத் திட்டத்தின் கீழ் அவர் மருந்து வழங்க, விற்பனை உரிம விதிகளிலிருந்து அதே மருந்து விதிகளின் ‘கே’ அட்டவணை விலக்களிக்கிறது. கடும் தொற்றுக்குள்ளான பச்சிளம் சிசுவை மேல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லாதபோது, ஜென்டாமைசின் ஊசி போடவும் 2014இல் மத்திய அரசின் வழிகாட்டுதல் அவரை அனுமதித்தது. கடையில் மருத்துவர் சீட்டின்றி வாங்க முடியாத மருந்து அது. சிசுவின் உயிரை நம்பி ஒப்படைக்கும் அரசு, மருந்து எழுதுபவர் என்ற தகுதியை மட்டும் அவருக்குத் தரவில்லை.

பிரிட்டன் இந்த முடிச்சைப் படிப்படியாக அவிழ்த்தது. புண்கட்டும் பொருளுக்குக்கூட மருத்துவர் கையெழுத்துக்காகச் செவிலியர் காத்துக்கிடப்பதை 1986இல் கம்பர்லெஜ் குழு சுட்டிக்காட்டியது. செவிலியர் மருந்து எழுத வழிசெய்யும் சட்டம் 1992இல் வந்தது. சிறு பட்டியலோடு தொடங்கிய உரிமை 2006இல் விரிந்தது. கூடுதல் பயிற்சி முடித்த செவிலியரும் மருந்தாளுநரும் தம் திறமைக்குட்பட்ட ஏறத்தாழ எல்லா மருந்துகளையும் எழுதலாம் என்றானது. 2013இல் இயன்முறை மருத்துவர்களும், 2018இல் அவசர ஊர்திப் பணியாளர்களில் உயர்பயிற்சி பெற்றவர்களும் சேர்க்கப்பட்டனர். தகுதி பெற்ற செவிலியரின் தொழிற்பதிவிலேயே அதற்கான தனிக் குறிப்பு உண்டு. தவறு நேர்ந்தால் பொறுப்பும் அவருடையதே.

இந்தியாவிலும் 2019ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, ‘சமுதாய சுகாதார வழங்குநர்’ ஆரம்ப, தடுப்பு மருத்துவத்தில் குறிப்பிட்ட மருந்துகளைத் தாமே எழுத வழிசெய்தது. போலி மருத்துவத்துக்குக் கதவு திறக்கும் என்று இந்திய மருத்துவச் சங்கம் போராடியது. அந்த அச்சம் நியாயமானது. அந்த வழங்குநர் யார், என்ன படித்திருக்க வேண்டும், எந்தெந்த மருந்து என்பவற்றை அப்பிரிவு சொல்லாமல், பின்னர் வகுக்கும் ஒழுங்குமுறைகளுக்கு விட்டுவிட்டது. செவிலியர் என்ற சொல்கூட அதில் இல்லை.

ஆகவே, 2(ஈஈ) பிரிவைத் திருத்தி, தேர்வு எழுதித் தகுதி பெற்ற செவிலியரைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். அவர் எழுதக்கூடிய மருந்துகளின் பட்டியலைச் சட்டத்தோடு இணைத்து வெளியிட வேண்டும். அவர் தரும் ஒவ்வொரு சீட்டிலும் அவரது பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.