நிதி இல்லை என்று சொல்ல முடியாத கடமை

பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்குப் ‘பூபெல்’ என்று பெயர். என் தகப்பனார் சைகோனில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் கணக்குப் பார்த்தவர். அதனால் என்னைப் புதுச்சேரியில் தாய்மாமன் வீட்டில் விட்டுப் பிரெஞ்சில் படிக்க வைத்தார்கள். பூபெல் என்பது ஓர் அதிகாரியின் பெயர் என்று வாத்தியார் சொன்னதும் வகுப்பே சிரித்தது.

எழேன் பூபெல் பாரிஸ் நகரம் அடங்கிய மாவட்டத்தின் ‘ப்ரெஃபே’, அதாவது நம் ஊர்க் கணக்கில் கலெக்டர். 1883 நவம்பரில் அவர் ஓர் ஆணை போட்டார். வீட்டுச் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் குடியிருப்போருக்கு மூடி போட்ட தொட்டி வைக்க வேண்டும். குப்பையை மூன்றாகப் பிரிக்க வேண்டும். அழுகும் பொருள் ஒன்றில், காகிதமும் துணியும் ஒன்றில், கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓடு ஒன்றில். ஜனங்கள் கோபத்தில் அவர் பெயரையே தொட்டிக்குச் சூட்டிவிட்டார்கள். தெருவில் குப்பை கிளறிப் பிழைத்தவர்கள் தங்கள் வயிற்றில் அடிப்பதாகச் சொல்லி எதிர்த்தார்கள். பிரித்துப் போடும் வழக்கம் அங்கே வேரூன்றவில்லை. தொட்டியும் பெயரும் மட்டும் நிலைத்துவிட்டன.

நம் பக்கத்தில் அந்தக் காலத்தில் ‘குப்பை’ என்ற சொல்லுக்கே அர்த்தம் வேறு. வயலுக்குக் குப்பை அடிப்பது என்றால் எரு போடுவது. சாணம், அடுப்புச் சாம்பல், வாழை இலை எல்லாம் குப்பைக்குழிக்குப் போய், மக்கி, வண்டியேறி வயலுக்குப் போகும். செட்டிநாட்டு வீடுகளில் பொருளை வீசும் பழக்கமும் குறைவு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய கதவு, தூண், எனாமல் பாத்திரம் எல்லாம் இன்றும் விலை போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பிளாஸ்டிக் வந்த பிறகுதான் குழியில் போட்டது மக்காமல் கிடக்க ஆரம்பித்தது.

சட்டம் இதற்கெல்லாம் முன்பே வந்துவிட்டது. 1920இல் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம். 1928இல் காரைக்குடி நகராட்சி. 1939இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். ஊரைச் சுத்தமாக வைப்பது உள்ளாட்சியின் பொறுப்பு என்பது நம் மாகாணத்தில் பழைய சங்கதி. அந்தப் பொறுப்பை நிறைவேற்றாவிட்டால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

அரசு அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் எழுத்தராகக் கோப்பு பார்த்தவன் நான். ‘நிதி நிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’ என்ற வாக்கியத்தின் பலம் எனக்குத் தெரியும். அந்த ஒரு வரியில் எந்த மனுவும் படுத்துவிடும்.

அந்த வரியை உடைத்த வழக்கு நடந்தது மத்தியப் பிரதேசத்தில், ரத்லம் என்ற ஊரில். அங்கே ஒரு பகுதியில் முறையான சாக்கடை இல்லை. சாராய ஆலைக் கழிவு தெருவில் ஓடியது. கழிப்பிடம் இல்லாத ஏழைகள் ஒதுங்குவதும் அதே தெருவோரம். கொசுவும் நாற்றமும் தாங்காமல் குடியிருப்போர் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். பொதுத் தொல்லையை நீக்கச் சொல்லும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133ஆம் பிரிவின்படி அவர் நகராட்சிக்கே உத்தரவு போட்டார். செஷன்ஸ் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உயர் நீதிமன்றம் மறுபடி நிலைநிறுத்தியது. நகராட்சி, பணமில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று.

1980 ஜூலையில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்புச் சொன்னார். பொதுச் சுகாதாரத்தைக் காப்பதற்கென்றே ஏற்பட்ட நகராட்சி, பணமில்லை என்று சொல்லி அந்தக் கடமையிலிருந்து தப்ப முடியாது என்றார். அவசரமில்லாத செலவைக் குறைக்கலாம், மாநில அரசிடம் உதவி கேட்கலாம், ஆனால் வேலை நடந்தாக வேண்டும். இன்னொன்றும் சொன்னார்: காரணங்கள் கண்ணெதிரே இருக்கும்போது, மாஜிஸ்திரேட்டுக்குத் தரப்பட்ட அதிகாரம் கட்டாயக் கடமை ஆகிவிடுகிறது. ‘செய்யலாம்’ என்று எழுதியிருப்பதை ‘செய்தே ஆக வேண்டும்’ என்று படிக்கச் சொன்ன தீர்ப்பு அது. இந்த இரண்டு வார்த்தைக்கும் உள்ள தூரம் எழுத்தர் வேலை பார்த்தவனுக்கு நன்றாகப் புரியும்.

அதன்பின் சட்டங்கள் வரிசையாக வந்தன. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகராட்சிகளுக்கு ஒப்படைக்கக்கூடிய பணிகளின் பட்டியலில் திடக்கழிவு மேலாண்மையையும் சேர்த்தது. 1994இல் சூரத் நகரில் பிளேக் பீதி கிளம்பி, லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். 1996இல் அல்மித்ரா பட்டேல் என்ற அம்மையார் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அதன் தொடர்ச்சியாக 2000ஆம் ஆண்டில் நகரத் திடக்கழிவு விதிகள் பிறந்தன. குப்பையைப் பதப்படுத்தும் வசதிகளை 2003 டிசம்பருக்குள் அமைக்க வேண்டும் என்று கெடு வைத்தார்கள். நாட்டின் பெரும்பாலான ஊர்கள் அந்தக் கெடுவைக் கோட்டை விட்டன.

2016இல் புதிய விதிகள். அவற்றின்படி வீட்டுக்காரர் மூன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது: மக்குவது, மக்காதது, வீட்டில் சேரும் ஆபத்தான கழிவு. உள்ளாட்சி வீடு வீடாக வந்து, பிரித்ததைப் பிரித்தபடியே வாங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. குப்பை பொறுக்குவோரையும் அந்த ஏற்பாட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அவை சொல்லின. பூபெல் மூன்றாகப் பிரிக்கச் சொல்லி 130 வருஷத்துக்கு மேல் கழித்து நாம் அதே இடத்துக்கு வந்தோம். பாரிஸில் விரோதிகளாகிப் போனவர்களை நம் விதி அணைத்துக்கொண்டது. அந்த அளவில் அது மேலான சட்டம் என்பேன்.

இதில் கடமை இரண்டு பக்கமும் இருக்கிறது. நாம் பிரிக்காமல் கொடுத்தால் தூய்மைப் பணியாளர் வெறுங்கையால் பிரிக்க வேண்டிவரும். நாம் பிரித்துக் கொடுத்ததை வண்டியில் ஒன்றாகக் கொட்டினால் நாம் பட்ட பாடு வீண். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் தேர் நகராது.

காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. பெயர் பெரிதானதோடு எல்லையும் குப்பையும் பெருகும். கடமையும் பெருகத்தான் வேண்டும். நான் சொன்ன 133ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 152ஆம் பிரிவாக இருக்கிறது. நம் பகுதிக்கு அந்த அதிகாரம் தேவகோட்டைக் கோட்ட நிர்வாக நடுவரிடம், அதாவது சார் ஆட்சியரிடம் இருக்கிறது. வக்கீல் இல்லாமலேயே மனுக் கொடுக்கலாம்.

ஆகவே, நம் வயதுக்காரர்களுக்கு ஒரு யோசனை. தெருமுனைக் குப்பைமேட்டைப் பற்றி மனு எழுதும்போது ‘தயவுகூர்ந்து’ என்று எழுதுவதில் தவறில்லை. அதற்குக் கீழே பிரிவு எண்ணையும், ரத்லம் நகராட்சி வழக்கு, 1980 என்பதையும் ஒரு வரி சேருங்கள். நகல் ஒன்று எடுத்து, அலுவலக முத்திரையோடு பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.